கிணற்றுக் கணக்கு
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வற்றாத ஆறில்லாத நாடு நமது யாழ்ப்பாணம். மாரி மழை சுண்ணாம்புக் கற்பாறையினுள் இறங்கித் தங்குகின்றது. அந்நீரை நம்பியே நம் முன்னோர் கிணறு வெட்டினர்; தோட்டஞ் செய்தனர்.

சுன்னாகத்திலே அந்நீரில் எண்ணெய் கலந்தது. மக்கள் முறையிட்டனர். வடமாகாண சபை நிபுணர் குழுவொன்றை நியமித்தது. தீங்கு தரும் அளவில் மாசு இல்லையென்பதே அக்குழுவின் முடிவு. ஆனால், 2015 இல் தொடுக்கப்பட்ட அடிப்படை உரிமை வழக்கிலே, அனல்மின் நிலையத்தின் கழிவெண்ணெயே நிலத்தடி நீரைக் கெடுத்ததென உயர் நீதிமன்றம் 2019 ஏப்பிரிலில் தீர்ப்பளித்தது. நோதேர்ன் பவர் கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென்றும் பணித்தது.

அன்பர்களே! அத்தீர்ப்பு வருமுன்பே, 2018 ஒக்டோபரில், மாகாண சபையின் ஆயுள் முடிந்துவிட்டது. கணக்குக் கேட்க வேண்டிய வேளையிலே, கணக்குக் கொடுக்க வேண்டியோர் ஆசனத்தில் இல்லை. ஆகவே, பதவிக் காலத்திலேயே கேட்டல் வேண்டும்.

1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் பொதுச் சுகாதாரத்தைச் சபையின் பொறுப்பாக்கியுள்ளது. நம் சங்கம் ஒரு கொப்பி வைத்தல் வேண்டும். கழிவு எங்கே கொட்டப்படுகின்றது, கிணற்று நீரை யார் சோதித்தனர், சபையிலே எந்த உறுப்பினர் பேசினார், எவர் வாளாவிருந்தார் என்பனவற்றை அதில் எழுதுவோம். வாக்குக் கேட்டு வருவோரிடம் அதனை விரித்துக் காட்டுவோம். அவர் நம்மூரவராயினுஞ் சரி, உறவினராயினுஞ் சரி.

கோயிற் கணக்கை ஆண்டுதோறும் தவறாது கேட்கின்றோம். கிணற்றுக் கணக்கைக் கேட்க மட்டும் ஏன் கூச வேண்டும்?