எழுப்ப ஒரு தங்காள் வேண்டும்

நடுவர் அவர்களே! கம்ப்யூட்டர் விளையாட்டுத்தான் பிள்ளைகளின் கற்பனையை வளர்க்கிறது என்று வாதாடும் எதிரணி நண்பர்களே! கோவைப் பெருமக்களே!

எங்க வீட்டுப் பையன் ஒருநாள் ராத்திரி சோறுண்ண வரவேயில்லை. "என்ன கண்ணு?"ன்னேன். "அஞ்சு மந்திர வாள் அஞ்சு திக்குல கெடக்குதுப்பா. ஒண்ணு சேர்த்தாத்தான் நாடு பொழைக்கும். இன்னும் ரெண்டுதான் பாக்கி"ங்கிறான். (சிரிப்பு) "நம்ம கொங்கு நாட்டுலயும் ரெண்டு வாள் இருக்குது, தெரியுமா?"ன்னேன். "எந்த லெவல்லப்பா?"ன்னு கேக்கிறான்! (பலத்த சிரிப்பு)

குற்றம் அவன்மேல் இல்லை ஐயா. சொல்லாமல் விட்ட என்மேல்.

பொன்னர் சங்கர் கதை! உடுக்கை அடித்து விடிய விடியப் பாடிய அண்ணன்மார் கதை! பிரெண்டா பெக் என்கிற வெளிநாட்டு அம்மையார் 1965-இல் காங்கேயம் பக்கம் வந்து தங்கி, அதை டேப்பில் பதிவு செய்தார். 1992-இல் ஆங்கிலத்திலும் புத்தகமாய் வந்தது. அவங்க காது கொடுத்தாங்க. நாம காதைப் பொத்திக்கிட்டோம். (கைதட்டல்)

"விளையாட்டில் பிள்ளை தானே வீரனாகிறான், கதையில் சும்மா உட்கார்ந்திருக்கிறான்" என்றார் எதிரணி நண்பர். சும்மாவா? படுகளம் பாருங்கள் ஐயா! அண்ணன்மார் தங்கள் வாளிலேயே பாய்ந்து மாண்டதை நினைத்து, பக்தர்கள் அருள் வந்து பிணம்போலச் சாய்வார்கள். தங்காள் வந்து தண்ணீர் தெளித்து எழுப்பினால்தான் எழுவார்கள். விளையாட்டில் செத்தால் ஒரு பட்டனைத் தட்டினால் போதும். இங்கே, நமக்காக அழ ஒருத்தி வரவேண்டும்!

கதையில் அருக்காணித் தங்காள் எழுப்பியும் அண்ணன்மார் நிலைக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசிவிட்டு மறுபடி மாண்டு போனார்கள். இதைச் சொன்னதும் பையன் விளையாட்டை நிறுத்தினான். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டான்: "அப்பா, அத்தை ஏன் நம்ம வீட்டுக்கு வர்றதில்லை?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோட்டத்துப் பங்கில் வந்த சண்டை. ஏழு வருசமாய்ப் பேச்சில்லை. மறுநாள் அவனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். என் தங்கச்சி வாசல் கூட்டிக்கொண்டிருந்தவள், விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, "வாங்கண்ணா... பையன் இத்தனை வளந்துட்டானா?"ன்னு அழுதாள்.

அஞ்சு வாளையும் சேர்க்கட்டும் ஐயா, நான் தடுக்கவில்லை. என் வீட்டை ஒன்று சேர்த்தது கதைதான்! நல்ல தீர்ப்பு வழங்குங்கள். (நீண்ட கைதட்டல்)