மலாயாவின் பெயரைச் சுமக்கும் கல்

பாரிட் புந்தார் வயல்களில் மண்வெட்டி போட்டால் கல் தட்டுப்படுவது அரிது. கிரியான் ஆறும் கடலும் சேர்த்து வைத்த களிமண் அது. 1906-இல் புக்கிட் மேரா நீர்த்தேக்கத்திலிருந்து வாய்க்கால் வந்த பிறகு நெல் விளையும் பூமியானது. அதே பேராவில், தெற்கே தாப்பா பக்கம் இருக்கிறது செண்டிரியாங். அங்குள்ள சுங்கை லாவில் கண்டெடுத்த ஓர் அரிய கனிமம்தான் மலாயைட். 1960-களில் அதற்கு அந்தப் பெயர் கிடைத்தது. 1963-இல் மலேசியா பிறந்தது. நாட்டின் பெயர் மாறியது, கல்லின் பெயர் மாறவில்லை.

கிந்தா பள்ளத்தாக்கின் அடியில் சுண்ணாம்புப் பாறை கிடக்கிறது. சுமார் இருபது கோடி ஆண்டுகளுக்கு முன், உருகிய கருங்கல் குழம்பு கீழிருந்து ஏறி அதை முட்டியது. பல நூறு டிகிரி வெப்பம்! சுண்ணாம்பு வெந்து பளிங்கானது. ஈப்போவின் பளிங்கு இப்படி வந்ததுதான். குழம்போடு வந்த சுடுநீரில் கரைந்திருந்த வெள்ளீயம் சில இடங்களில் சுண்ணாம்போடும் மணற்சத்தோடும் பிணைந்து கொண்டது. அந்தப் பிணைப்பே மலாயைட். ரசம் வைக்கும் ஈயச் செம்பு இருக்கிறதே, அந்த ஈயமேதான் இதிலும் இருக்கிறது.

இருந்து என்ன? எடையில் ஏறக்குறைய 44 விழுக்காடு வெள்ளீயம், ஆனால் எடுக்க முடியாது. லம்பங்களில் தேடியது வேறு கனிமம், காசிட்டரைட். அது தண்ணீரைப் போல் ஏழு மடங்கு கனம். டூலாங்கைச் சுழற்றினால் மணல் போய்விடும், அது அடியில் தங்கும். கரியோடு சேர்த்து உலையிலிட்டால் உலோகம் இறங்கிவிடும். மலாயைட்டோ ஏறக்குறைய நாலரை மடங்குதான். மென்மையானது, அரைத்தால் தூளாகிக் கழிவோடு ஓடிவிடும். தப்பி வந்தாலும் சுண்ணாம்புப் பிடியிலிருந்து உலோகத்தைப் பிரிக்கும் செலவு கட்டுப்படியாகாது. ஆய்வுக்கூடச் சீட்டை மட்டும் நம்பி லம்பம் திறப்பவர் கையைச் சுட்டுக்கொள்வார். ஈயம் இருக்கிறது என்று அது சொல்வது உண்மைதான். எந்தக் கனிமத்தில் என்று சொல்லாவிட்டால் அந்த உண்மையால் என்ன பயன்?

கண்டுபிடிக்க வழி உண்டு. குறுகிய அலை புற ஊதா விளக்கை இருட்டில் காட்டினால் மலாயைட் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். காசிட்டரைட் அப்படி ஒளிராது.

1985 அக்டோபரில் லண்டனில் ஈய விலை சரிந்தது. பேராவின் லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடின. குட்டைகள் மட்டும் மிஞ்சின. சுரங்கக்காரர் வெறுத்த இந்தக் கல்லின் அமைப்பைக் குயவர்கள், பெயர் தெரியாமலேயே, உலையில் செய்து வந்திருக்கிறார்கள். வெள்ளீயச் சாம்பல், சுண்ணாம்பு, மணற்சத்து, துளி குரோமியம் கலந்து சுட்டால் சூட்டுக்கு மங்காத இளஞ்சிவப்பு கிடைக்கும். பீங்கான் கோப்பைகளில் காணும் ரோஜாப்பூ நிறம் பல வேளை அதுதான்.