இரண்டாவது நாய்

சென்ற சித்திரை தொடங்கி ஐப்பசி வரையில் மதுரையில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. வாதி என் பேத்தி, வயது 11. பிரதிவாதி நான். வீட்டில் ஒரு நாய் இருக்கும்போது இரண்டாவதாக ஒரு நாய் வேண்டுமா, அது கார்கி என்னும் ஜாதியாக இருக்கலாமா என்பதே விவாதம். இதே கேள்வி உங்களில் சிலருடைய வீட்டிலும் எழுந்திருக்கலாம். ஆகையால் எங்கள் வழக்கு எப்படி முடிந்தது என்பதைச் சொல்லுகிறேன்.

முதலில், வீட்டில் ஏற்கெனவே இருப்பவனை அறிமுகப்படுத்த வேண்டும். அவன் இராஜபாளையம் ஜாதி. பால் போன்ற வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, நெடிய கால்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன், குட்டியாக வந்தபோது, மணி என்று பெயர் வைத்தோம். அந்த ஆண்டு தீபாவளியன்று தெருநாய்களெல்லாம் வெடிச் சத்தத்துக்கு அஞ்சி ஓடி ஒளிய, இவன் மாத்திரம் திண்ணையில் நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தான். வீரம் என்று நாங்கள் மகிழ்ந்தோம். கால்நடை மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டு, "இவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நிறமற்ற வெள்ளை நாய்களில் இது அபூர்வமன்று" என்றார். மணி என்று பெயர் வைத்தோம். அந்தப் பெயரை அவன் ஒரு நாளும் கேட்டதில்லை.

அதனால் அவனுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. கைச் சைகையால் வரச் சொல்வோம்; உட்காரச் சொல்வோம். உறங்கும்போது எழுப்ப வேண்டுமானால் தரையில் காலை ஓங்கி மிதிப்போம். அதிர்வு அவனுக்குத் தெரிந்துவிடும். ஒரே ஒரு விதியை மட்டும் எவரும் மீறலாகாது. பின்னால் இருந்து அவனைத் தொடக் கூடாது. ஒரு முறை நான் மறந்துபோய்த் தொட்டேன். அவன் கண் விழிக்கும் முன்பே அவன் பல் என் மணிக்கட்டில் பதிந்துவிட்டது. தொட்டவன் நான் என்று கண்டதும் அவன் பட்ட வெட்கத்தை என்னால் மறக்க முடியாது.

இனி, வாதியின் கட்சியைக் கேட்போம். கைப்பேசியில் ஒரு கார்கியைப் பார்த்தாள். நரியின் முகம், பெரிய காதுகள், ரொட்டி போன்ற உடல், அதன் அடியில் இருப்பதும் இல்லாததுமாக நான்கு கால்கள். அன்று முதல் வீட்டில் வேறு பேச்சில்லை. இங்கிலாந்தின் அரசியார் இரண்டாம் எலிஸபெத்தே அதை வளர்த்தாராமே என்று சாட்சிக்கு ஓர் அரசியையும் அழைத்து வந்தாள்.

சாட்சி உண்மையானதுதான். 1933 இல் அவருடைய தந்தையார் வாங்கிய டூக்கி என்ற கார்கியோடு அந்த உறவு தொடங்கியது. 1944 இல், 18 ஆவது பிறந்த நாளுக்குச் சூஸன் என்ற குட்டி பரிசாக வந்தது. அதன் வழிவந்தவற்றையே பெரும்பாலும் வளர்த்து, 2022 இல் மறையும் வரையில் முப்பதுக்கும் மேற்பட்ட நாய்களை அவர் வைத்திருந்தார். ஆனால் குறுக்கு விசாரணையில் நான் மற்றொன்றையும் சொன்னேன். 1991 இல் அந்நாய்கள் தமக்குள் சண்டையிட்டபோது விலக்கப்போன அரசியாரின் கையிலேயே கடி விழுந்து, மூன்று தையல் போட நேர்ந்தது. அத்தனை பணியாட்கள் உள்ள அரண்மனையிலேயே நாய்க் கூட்டத்தின் சமாதானம் எளிதன்று என்றால், நம் வீட்டு முற்றம் எம்மாத்திரம்?

கார்கி அரண்மனையில் பிறந்த நாயன்று. அது வேல்ஸ் நாட்டு மாட்டுக்காரர்களின் நாய். அந்நாட்டு மொழியில் அப்பெயருக்குக் குள்ள நாய் என்று பொருள் கூறுவார்கள். பெம்புரோக், கார்டிகன் என இரு வகை. 1934 முதல் இவை தனித்தனி ஜாதிகளாகப் பதிவாயின. கார்டிகனுக்கு நீண்ட வால் உண்டு. பெம்புரோக்குக்கு வாலை நறுக்கிவிடுவது பழைய வழக்கம்; சில குட்டை வாலோடே பிறக்கும். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்னும் நம் பழமொழிக்கு அதனிடம் வேலையில்லை. உயரம் 10 முதல் 12 அங்குலந்தான்; எடையோ 10 கிலோவுக்கும் மேல் போகும்.

இந்தக் குள்ளத்துக்கு ஒரு காரணம் உண்டு. மந்தையை ஓட்டும் கார்கி, மாட்டின் பின்னால் ஓடிச் சென்று குதிகாலை மெல்லக் கவ்வும். மாடு உதைக்கும். உதை தலைக்கு மேலே போகும். நாய் தரையோடு ஒட்டித் தப்பிவிடும். மாடில்லாத வீட்டிலும் இந்தச் சுபாவம் போவதில்லை. ஓடுகிற குழந்தையின் குதிகாலும் அதற்கு மாட்டின் குதிகாலே. பழக்கினால் குறைக்கலாம், அடியோடு நீக்குவது கடினம்.

மற்ற விஷயங்களையும் எண்ணிப் பார்த்தோம். அதன் உடலில் இரண்டு அடுக்கு மயிர். ஆண்டுக்கு இரு முறை மொத்தமாகவும், மற்ற நாட்களில் சில்லறையாகவும் உதிர்க்கும். குளிர்நாட்டுக்கு ஏற்ற அந்தக் கம்பளிச் சட்டையோடு மதுரையின் அக்கினி நட்சத்திரத்தைக் கழிக்க வேண்டும். நீண்ட முதுகு, குட்டைக் கால் ஆகையால் முதுகெலும்பின் இடைத் தட்டுகள் பழுதாகும் அபாயம் உண்டு. மாடிப் படியில் தாவி இறங்குவதும் உடல் பருப்பதும் ஆகா. எங்கள் வீட்டிலோ மாடிப்படி 18; கேட்டதைக் கொடுக்கும் பாட்டியும் உண்டு.

இவ்வளவும் சொன்ன பிறகும் வாதி விட்டுக்கொடுக்கவில்லை. "வெயில் நேரத்தில் குளிர்சாதன அறையில் இருக்கட்டும், படிக்குக் கதவு போடலாம், மயிரை நான் பெருக்குகிறேன். மணிக்கும் துணை வேண்டாமா, தாத்தா?" என்றாள். கடைசிக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நானல்லன், மணி.

கொடைக்கானலில் என் நண்பர் ஒருவர் பெம்புரோக் பெண் நாய் ஒன்றை வளர்க்கிறார். ஆணும் பெண்ணுமாக இருந்தால் பூசல் குறைவு என்பார்கள். புரட்டாசி விடுமுறையில் மணியை அழைத்துக்கொண்டு மலை ஏறினோம். ஒரு நாயின் வீட்டில் மற்றொரு நாயைக் கொண்டுபோய் நேரே நிறுத்தலாகாது. இருவருக்கும் சொந்தமில்லாத இடத்தில் சந்திக்கவிட வேண்டும். ஆகவே ஏரிக்கரைப் பாதையில் இரண்டையும் வாரில் பிடித்து, இடைவெளி விட்டு அரை மணி நேரம் நடத்தினோம். மோந்து பார்த்தன, வாலாட்ட மணியிடம் வால் இருந்தது, அவளிடம் இருந்தது இடுப்பு. பேத்தியின் முகத்தில் வெற்றிக் களை.

பிறகு நண்பரின் தோட்டத்தில் வாரை அவிழ்த்தோம். மணி தன் நீண்ட கால்களை வீசி ஓடினான். ஓடுகிற காலைக் கண்டதும் கார்கிக்குத் தன் பரம்பரை நினைவு வந்துவிட்டது. பின்னாலே பாய்ந்து குதிகாலைக் கவ்வினாள். மணி திடுக்கிட்டுத் திரும்பிக் கடித்தான். நல்லவேளையாகக் கடி காற்றில் போயிற்று. அவள் ஒதுங்கி நின்று குரைத்தாள், குரைத்துக்கொண்டே இருந்தாள். நாய்களுக்குள் உறுமலும் குரைப்பும் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கை எதுவும் மணியைச் சென்று அடையவில்லை. சற்று நேரம் கழித்து அவன் வெயிலில் படுத்து உறங்கியபோது, அவள் மறுபடியும் பின்புறமாகவே நெருங்கினாள். நண்பர் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டார்.

அவள்மேல் குற்றமில்லை, பின்னால் வருவது அவள் தொழில். அவன்மேலும் குற்றமில்லை; பின்னால் வருவதை அவன் அறிய வழியில்லை. தனித்தனியே இருவரும் உத்தமமான நாய்கள். ஒரே கூரையின் கீழ், இரவும் பகலும், எவரேனும் ஒருவர் காவல் இருந்துகொண்டே இருக்க முடியுமா?

மலை இறங்கும்போது பேத்தி பேசவில்லை. வத்தலக்குண்டு தாண்டிய பிறகு, "தாத்தா, அது எப்பவும் பின்னாலேதான் வருமா?" என்று கேட்டாள். "பெரும்பாலும் அப்படித்தான் அம்மா" என்றேன். ஐப்பசி பிறந்ததும் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டாள்.

உங்கள் வீட்டில் தீர்ப்பு வேறாக இருக்கலாம். குளிர்ந்த ஊர், காது கேட்கும் இளமையான முதல் நாய், பகலில் வீட்டில் ஆள், நாள்தோறும் நடக்கவும் பெருக்கவும் மனம் எல்லாம் இருந்தால், கார்கியைப் போன்ற கூர்மையான, குதூகலமான துணை கிடைப்பது அரிது. ஆனால் குட்டியைப் பார்க்கப் போகுமுன், வீட்டில் படுத்திருப்பவனை ஒரு வாரம் நன்றாகப் பாருங்கள். அவனுக்கு எது பயம், எது பிரியம் என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அவனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

பேத்தி இப்போது விடுமுறைக்குக் கொடைக்கானல் போய்க் கார்கியோடு விளையாடிவிட்டு வருகிறாள். திரும்பி வந்ததும் செருப்பைக் கழற்றுமுன் வாசலில் நின்று காலை ஓங்கி ஒரு மிதி மிதிப்பாள். உள்ளே மணி எழுந்திருப்பான்.