தொழிற்கல்வி வேறு, குலக்கல்வி வேறு
(உடையார்பாளையத்தில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று ஓர் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "உனக்கு எதுக்குடா ஃபர்ஸ்ட் குரூப்பு? ஐடிஐயில சேர்ந்து கைத்தொழில் கத்துக்க" என்றார். என்னைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்த ஊர்த்தெருப் பையனிடம் அவர் அப்படிச் சொல்லவில்லை. நான் பிடிவாதமாகப் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தேன். என் அண்ணனோ ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவர். அவர் சம்பளத்தில்தான் நான் முனைவர் பட்ட ஆய்வு வரை வந்திருக்கிறேன். ஆகவே ஐடிஐயைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. அந்த அறிவுரையை மன்னிக்கவும் மனம் வராது.

இந்த இரண்டுக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1953இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப்பள்ளிகளின் நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்தது. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றது. பெரியார் அதைக் குலக்கல்வி என்று அடையாளம் காட்டிப் போராடினார். 1954இல் ராஜாஜி பதவி விலகினார்; காமராசர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது. அது நிலைத்திருந்தால் இந்த ஊரில் நெசவாளி பிள்ளை தறிக்குழியோடும், எங்கள் தெருப் பிள்ளை அடுத்தவர் வயலோடும் நின்றிருக்கும்.

ஐடிஐ வேறு வழியில் வந்தது. 1950இல் ஒன்றிய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டம்தான் அதன் அடிப்படை. அங்கே தச்சு கற்கத் தச்சர் வீட்டில் பிறந்திருக்க வேண்டியதில்லை. பாடத்திட்டம் உண்டு, தேர்வு உண்டு, சான்றிதழ் உண்டு, இடஒதுக்கீடு உண்டு. பிறப்போடு கட்டப்பட்டிருந்த தொழிலை அவிழ்த்துப் பொதுவில் வைத்ததே அதன் தத்துவம் என்பேன்.

ஆனால் தொழிற்கல்வியையே எல்லையாக்கினால் அதுவும் வேலிதான். அமெரிக்காவில் புக்கர் வாஷிங்டன் 1881 முதல் டஸ்கீகியில் கறுப்பின இளைஞர்களுக்குத் தொழிற்கல்வியை வளர்த்தார். அதுவே போதும் என்ற போக்கை டூ பாய்ஸ் 1903இல் கடுமையாக விமர்சித்தார். உயர்கல்வியும் எங்கள் உரிமை என்றார். 1942இல் வைஸ்ராயிடம் மனு கொடுத்த அம்பேத்கரும், நம் பிள்ளைகள் அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்கல்வி பெற உதவித்தொகைதான் கேட்டார்.

பழைய ஆபத்து புதுப்பெயரில் வருகிறது. 2023இல் வந்த விஸ்வகர்மா திட்டம் 18 மரபுத் தொழில்களைக் குரு-சீடர் பரம்பரை என்று போற்றுகிறது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கச் சொல்லித் தமிழ்நாடு அரசு கேட்டது நியாயமே.

தம்பி தங்கைகளே, ஐடிஐக்குப் போகிறவர்கள் தலைநிமிர்ந்து போங்கள். இரண்டாண்டுப் பயிற்சி முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தால் பொறியியலிலும் நேரடியாக இரண்டாம் ஆண்டு. இந்த ஏணியைக் காட்டாமல் "உனக்கு இது போதும்" என்று யார் சொன்னாலும், "இதை எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்கிறீர்களா?" என்று கேளுங்கள்.

என் அண்ணனுக்கு இதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. உங்களுக்கு நான் சொல்லிவிட்டேன்.

ஜெய்பீம்!