தாமதமாய்த் திறந்த கதவு
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இன்ஜினியருக்கு ஆபரா எதுக்குன்னு கேக்காதீங்க. கேம்பஸ் இன்டர்வியூவில் நாலு கம்பெனி என்னைக் கழித்துவிட்ட வாரத்தில், நம் நூலகத்தில் உட்கார்ந்து படித்த வாழ்க்கை இது.

மரியன் ஆண்டர்சன், 1897-ல் பிலடெல்பியாவில் பிறந்த கறுப்பினப் பெண். ஊரிலிருந்த இசைப்பள்ளி நிறத்தைக் காட்டி இடம் மறுத்தது. சர்ச்சுக்கு வருபவர்கள் காசு சேர்த்துப் பாட்டுப் படிக்க வைத்தார்கள். ஐரோப்பாவே கொண்டாடியது. ஆனாலும் 1939-ல் வாஷிங்டன் கான்ஸ்டிடியூஷன் ஹாலில் பாட விடவில்லை. லிங்கன் நினைவகப் படிகளில் நின்று பாடினார். கேட்க வந்தவர்கள் 75,000 பேர்!

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபரா அவரை மேடையேற்றியது 1955 ஜனவரி 7-ல்தான். வெர்டியின் இசை நாடகத்தில் குறி சொல்பவள் வேடம். அங்கே பாத்திரமேற்றுப் பாடிய முதல் கறுப்பினக் கலைஞர் அவர். அப்போது வயது 57. குரல் உச்சத்தைத் தாண்டியாச்சு. பின்னே யாருக்கு லாபம்? 1961-ல் அதே மேடையில் லியோன்டைன் பிரைஸ் கதாநாயகியாகவே அறிமுகமானார்!

சீனியர்களே, நாம நுழைஞ்ச கதவை நமக்குப் பின்னால் சாத்திவிட வேண்டாம். இன்றைக்கு ஒரு ஜூனியரின் பயோடேட்டாவையாவது கையோடு வாங்கிட்டுப் போவோம்.