பொழுதுபோக்கு நாவல் என்றால் இளக்காரமா?



"கதைப் புத்தகம் படித்துப் பொழுதை வீணாக்காதே!" பல வீடுகளில் ஒலிக்கும் குரல் இது. அதிலும் காதலும் உளவும் கலந்த கலகலப்பான கதை என்றால் கேட்கவே வேண்டாம். அப்படிப்பட்ட நாவலில் ரசிக்க என்னதான் இருக்கிறது?

அகதா கிறிஸ்டி என்றதும் துப்பறிவாளர் புவாரோதான் பலருக்கு நினைவுக்கு வருவார். ஆனால், 1922-இல் வெளிவந்த அவரது இரண்டாவது நாவலான 'தி சீக்ரெட் அட்வர்சரி'யில் புவாரோ இல்லை. டாமி, டப்பென்ஸ் என்ற இரண்டு இளையர்களே கதையைத் தோளில் சுமக்கிறார்கள். டப்பென்ஸ் என்றால் இரண்டு காசு. புரூடென்ஸ் என்ற பெண்ணுக்குச் செல்லப் பெயர் அது!

முதல் உலகப் போர் முடிந்த நேரம். டாமி போரில் காயம்பட்டவன். டப்பென்ஸ் போர்க்கால மருத்துவமனையில் உழைத்தவள். நாட்டுக்கு உழைத்த இருவருக்கும் இப்போது வேலையில்லை, கையில் காசுமில்லை. லண்டனில் தற்செயலாகச் சந்தித்து, தேநீர் விடுதி ஒன்றில் அமர்கிறார்கள். அழுது புலம்பவில்லை. எந்தச் சாகசத்துக்கும் தயார் என்று விளம்பரம் கொடுக்கத் திட்டம் போடுகிறார்கள்.

1915-இல் லூசிட்டானியா கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி தகர்த்ததில் ஏறத்தாழ 1,200 பேர் மாண்டனர். இது வரலாறு. அந்தக் கப்பலில் ஜேன் ஃபின் என்ற பெண்ணிடம் ஓர் இரகசிய ஆவணம் ஒப்படைக்கப்பட்டது என்பது கிறிஸ்டியின் கற்பனை. அவள் எங்கே? ஆவணம் எங்கே? முகம் தெரியாத 'மிஸ்டர் பிரவுன்' ஒரு பக்கம் தேட, நம் இருவரும் மறுபக்கம் தேடுகிறார்கள்.

காதல்? இருவரும் ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொள்வதுதான் அதிகம். ஆனால், ஒரு கட்டத்தில் டப்பென்ஸ் எழுதியதாக டாமிக்குக் கடிதம் வருகிறது. கையொப்பத்தில் அந்தச் செல்லப் பெயரின் ஆங்கில எழுத்துகள் மாறியிருக்கின்றன. அவள் ஒருபோதும் அப்படி எழுதமாட்டாள் என்று டாமிக்குத் தெரியும். கடிதம் போலி! நூறு காதல் வசனங்கள் சொல்லாததை அந்த எழுத்துப் பிழை சொல்லிவிடுகிறது.

போர்க்காலத்தில் கிறிஸ்டியும் டார்க்கி நகர மருத்துவமனையில் தாதியாகவும் மருந்தகத்திலும் பணியாற்றியவர். துன்பம் அறியாதவரின் சிரிப்பல்ல இது. துன்பத்தைப் பார்த்தவர் தேடி எடுத்த சிரிப்பு. சலிப்பூட்டும் வாழ்க்கை வாழ்வோர் சாகசத்தைச் சற்றே சுவைக்கட்டும் என்றுதான் அவர்களுக்கே இந்நூலைக் காணிக்கையாக்கினார். இதைவிட வேறென்ன பயன் வேண்டும்?

இந்த ஜோடி மேலும் நான்கு நூல்களில் வந்தது. 1973-இல் வந்த கடைசி நூலில் இருவரும் முதியவர்கள். கிண்டல் மட்டும் குறையவே இல்லை!

ஆகவே, வீட்டுப் பிள்ளை புத்தகமும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தால், பிடுங்கி வைக்காதீர்கள். அருகில் அமர்ந்து, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டுப் பாருங்கள்.