சொந்தக் காலால் போனவனும் கடத்தப்பட்டவனே

(நெகிரி செம்பிலான் தோட்டமொன்றின் கோயில் மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



விடியுமுன் எழுந்து மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, குளித்த ஈரம் காயுமுன் இங்கு வந்து அமர்ந்திருக்கிறீர்கள். ஆதலின் சுற்றி வளைக்காமல் செய்திக்கு வருகிறோம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஆட்கடத்தல்.

இச்சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் ஒரு காட்சி எழும். நள்ளிரவு, முகம் தெரியாத முரடர்கள், வாயில் அடைத்த துணி. அவ்வாறும் நடப்பதுண்டு. ஆயினும் தானே பெட்டி கட்டி, சாமி கும்பிட்டு, தாயிடம் சொல்லிக்கொண்டு, வாசலில் நிற்கும் வண்டியில் தானே ஏறிப் போகிறவர்களே மிகப் பலர். "நல்ல சம்பளம், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம், வழிச்செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்னும் பேச்சுத்தான் அவர்களைக் கட்டிய கயிறு.

இப்பேச்சு நம் சமூகத்துக்குப் புதிதன்று. 1942-இல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீள இருப்புப்பாதை போடத் தொடங்கினர். அப்போது மலாயாத் தோட்டங்களில் ரப்பர் வாங்குவாரில்லை, அரிசி இல்லை, சம்பளம் இல்லை. அந்த நேரம் பார்த்து, மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி, உணவும் உறைவிடமும் இலவசம் என்று அறிவித்தார்கள். நம்பி ரயிலேறினார்கள் நம்மவர்கள். நம்பி வருவோர் குறைந்தபோது வலிந்து பிடித்து ஏற்றினார்கள். 1943 அக்டோபரில் பாதை இணைவதற்குள் மலாயாவிலிருந்து சென்றோர் தொகை 70,000-ஐத் தாண்டியது. அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். காலராவாலும் மலேரியாவாலும் ஆறாத கால்புண்ணாலும் பட்டினியாலும் பல்லாயிரவர் அக்காட்டிலேயே மாண்டனர். மூன்று மாதம் என்ற பேச்சு முதல் நாளோடு முடிந்தது.

அவர்களை நாம் ஏமாளிகள் என்று சொல்வதில்லை. "சயாமுக்குக் கொண்டுபோனார்கள்" என்றுதான் சொல்கிறோம். "போனார்கள்" அன்று, "கொண்டுபோனார்கள்". தாமே ரயிலேறியவர்களையும் சேர்த்துத்தான் அப்படிச் சொல்கிறோம். இந்த ஒரு சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று கங்காணியும் வரமாட்டான், சிப்பாயும் வரமாட்டான். கைத்தொலைபேசியில் விளம்பரம் வருகிறது. கணினி வேலை, வாடிக்கையாளரிடம் பேசும் வேலை, எஸ்.பி.எம். கூடத் தேவையில்லை, சம்பளமோ இங்குக் கிடைப்பதைப்போல இரண்டு மூன்று மடங்கு. பிள்ளை பாங்காக்குக்கு விமானம் ஏறுகிறான். அங்கிருந்து இரவோடிரவாக எல்லை கடத்தி மியன்மாரின் மியாவாடிப் பக்கமோ, அன்றிக் கம்போடியாவுக்கோ கொண்டுபோய், முள்கம்பி வேலிக்குள் விடுகிறார்கள். கடப்பிதழ் பறிபோகிறது. முகமறியாத மக்களிடம் தொலைபேசியில் காதல் பேசியும் முதலீடு பேசியும் பணம் பறிப்பதே வேலை. கணக்குக் குறைந்தால் அடி. "வீட்டுக்குப் போகிறேன்" என்றால், "உனக்காக இவ்வளவு செலவழித்தோம், அதைக் கட்டிவிட்டுப் போ" என்பார்கள். மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 100,000 பேரும் இவ்வாறு சிக்கியிருக்கலாம் என்று ஐக்கிய நாட்டு மனித உரிமை அலுவலகம் 2023-இல் அறிவித்தது. அவ்விடங்களிலிருந்து மீட்டுக் கொண்டுவரப்பட்டோருள் மலேசியரும் உண்டு.

எனவே, வெளிநாட்டு வேலை என்று பிள்ளை சொன்னால் உடனே தடுக்கவும் வேண்டாம், உடனே தலையசைக்கவும் வேண்டாம். முதலாளியின் பெயரும் முகவரியும் என்ன, எழுத்தில் ஒப்பந்தம் உண்டா என்று கேளுங்கள். வேலை விசாவா, சுற்றுலா வருகையா என்று கேளுங்கள். "சுற்றுலா போகிறேன் என்று குடிநுழைவு அதிகாரியிடம் சொல்" என்று முகவர் சொல்லிக் கொடுத்தால், அதற்குமேல் கேட்க வேண்டியது ஒன்றுமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். பக்கத்து லயத்தில் இருக்கும் வங்காளதேசியையும் நேப்பாளியையும் இந்தோனேசியரையும் நாம் வேற்றாள் என்று ஒதுக்குகிறோம். அவர்களுள் பலர் ஊரில் நிலத்தை அடகு வைத்து முகவருக்குப் பணம் கட்டி வந்தவர்கள். 1910-இல் நிறுத்தப்படும்வரை ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறிய நம் முன்னோரும் கடனோடுதான் கரையிறங்கினார்கள். தோட்டத்தை விட்டு ஓடினால் சிறை. அவ்வழி வந்த நமக்கு இது விளங்காமலா போகும்? பிறருடைய கடப்பிதழைச் சட்டப்பூர்வ அதிகாரமின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். வெளியே போகத் தடை, பிடித்துவைத்த சம்பளம் ஆகியவையும் கட்டாய உழைப்பின் அடையாளங்களே. கண்ணில் பட்டால் தொழிலாளர் இலாகாவுக்குத் தெரிவியுங்கள்.

நம் நாட்டில் ஆட்கடத்தலுக்கு எதிரான சட்டம் 2007-இல் இயற்றப்பட்டு, 2010-இல் விரிவாக்கப்பட்டது. அதில் நாம் அறிந்துகொள்ள வேண்டியது இது: "அவனே சம்மதித்துத்தானே வந்தான்" என்று கடத்தியவன் சொல்லித் தப்ப இயலாது. கடத்தப்பட்டவர் முறையின்றி நாட்டுக்குள் நுழைந்தார், தங்கினார், போலிப் பத்திரம் வைத்திருந்தார் என்று அவர்மேல் வழக்குப் போடவும் அச்சட்டம் இடந்தராது. மீட்கப்பட்டோரை விசாரணைக்காக 21 நாள் பாதுகாப்பில் வைக்க நீதிமன்றம் ஆணையிடலாம். பிறகு காப்பகத்தில் தங்கவைக்கவும் வழியுண்டு. அது சிறை அன்று. ஆனால் வேலிக்குள் மிரட்டலுக்கு அஞ்சிச் செய்த மோசடி பற்றிப் போலீசார் கேட்கக்கூடும். மறைக்காமல் சொல்வதே பிள்ளைக்கு நன்மை.

சட்டம் காப்பகத்தின் வாசல்வரை வரும். லயத்துக்குள் வருவது நம் வாய்தான். ஒரு பெண் திரும்பி வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் எல்லாரும் வந்து பார்ப்பார்கள். மூன்றாம் நாள் குழாயடியில் பேச்சு தொடங்கும். "எவ்வளவு கொண்டு வந்தாள்?", "அங்கே என்னவெல்லாம் நடந்ததோ!" ஒரு வாரத்தில் அவள் வெளியே வருவதை நிறுத்திவிடுவாள். ஒரு மாதத்தில், இன்னொரு முகவர் இன்னொரு ஊரின் பெயரைச் சொன்னால், இந்தப் பேச்சிலிருந்து தப்பினால் போதும் என்று அவள் மறுபடியும் வண்டியேறக்கூடும்.

தாய்மார்களே, அவளிடம் நடந்ததைக் கேளாதீர்கள். "சாப்பிட்டாயா" என்று கேளுங்கள். இரவில் அலறி எழுந்தால் பேய் பிடித்தது என்று கயிறு கட்டுவதோடு நில்லாமல், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கோயில் திருவிழாவில் முன்பு அவள் என்ன வேலை செய்தாளோ அதையே மீண்டும் கொடுங்கள். அடையாள அட்டை தொலைந்திருந்தால் பதிவு இலாகாவுக்கு யாரேனும் கூடப் போங்கள். வழக்கில் சாட்சி சொல்ல அழைப்பு வந்தால், தந்தையோ அண்ணனோ உடன் செல்வது பெரிய பலம். ஆண்பிள்ளைக்கும் இதே நியாயந்தான். "இவ்வளவு படித்தும் ஏமாந்தாயே" என்ற சொல்லை மட்டும் அவன் தகப்பனார் விழுங்கிக்கொள்ள வேண்டும்.

அவசரத்துக்கு 999. காப்பகம், ஆலோசனை ஆகியவற்றுக்கு மகளிர் அமைச்சின் தாலியான் காசே, எண் 15999, இரவிலும் எடுப்பார்கள். வெளிநாட்டில் சிக்கிய பிள்ளை இருந்தால் இங்குப் போலீசில் புகார் செய்து, அங்குள்ள மலேசியத் தூதரகத்துக்கும் தெரிவிக்கலாம். மீட்புக்கென்று பணம் கேட்டு எவன் வந்தாலும், கொடுப்பதற்கு முன் போலீசிடம் சொல்லுங்கள்.

இக்கூட்டம் முடிந்ததும் நாங்கள் உடனே புறப்படப் போவதில்லை. மண்டபத்துக்குப் பின்புறம் உள்ள ஆயாக்கொட்டகையில் இருட்டும்வரை இருப்போம். தனியே பேச வேண்டியவர்கள் வரலாம். பெயரை எழுதிக்கொள்ள மாட்டோம்.